மோட்டார் சைக்கிள் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்: வண்டிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு ஹோண்டா வி.எஃப்.ஆர். 800-க்காக முதன்முதலில் பழைய கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் (கிளட்ச் லீவரோடு ஹேண்டில்பாரில் உட்கார்ந்து, ஆயிலைத் தள்ளி கிளட்ச்சைப் பிரிக்கும் பாகம்) வாங்கியபோது நான் பார்த்தது மூன்றே விஷயங்கள். இடது பக்கத்துக்கானதா, ஹேண்டில்பாரில் உட்காருமா, விலை கட்டுப்படியாகுமா. மூன்றும் சரியாக இருந்தன. மாட்டி, ஏர் எடுத்து (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி), லீவரைப் பிடித்தால் முன்பைவிட லேசாக வந்தது. சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் சிக்னலில் நியூட்ரல் விழவில்லை. லீவரைக் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்த்தது. மறுபடியும் ஏர் எடுத்தேன். இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் சீலை மாற்றினேன். கிளட்ச் பிளேட் மீதும் சந்தேகம் வந்தது. கடைசியில் பழைய மாஸ்டரையும் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விடை உலோகத்திலேயே அச்சாகியிருந்தது. பழையதில் 14. வாங்கியதில் 1/2.

அந்த இரண்டு எண்களின் பொருள் தெரிந்திருந்தால் அலைந்திருக்க வேண்டாம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்பிளெண்டர், பல்சர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் கேபிள் கிளட்ச். அவற்றில் மாஸ்டர் சிலிண்டரே கிடையாது. ஹைட்ராலிக் கிளட்ச் பெரும்பாலும் பெரிய இன்ஜின்களில்தான் வரும்: ஹோண்டா வி.எஃப்.ஆர். வரிசை, கோல்டு விங், யமஹா எஃப்.ஜே.ஆர். 1300, கவாசாகி இசட்.எக்ஸ்.-14, முதல் இரண்டு தலைமுறை ஹயபூசா, பல டுகாட்டிகள், பி.எம்.டபிள்யூ.வின் ஆர் 1200 ஜி.எஸ். போன்றவை. இடது லீவருக்குப் பக்கத்தில் ஆயில் டப்பா இருந்தால் உங்களுடையது ஹைட்ராலிக். பல மெக்கானிக்குகளுக்கு இது அடிக்கடி கைக்கு வராத வேலை. அதனால் கணக்கை நாமே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் படி: கெட்டது மாஸ்டர்தானா?

லீவரை அழுத்தினால் மாஸ்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் ஹோஸ் வழியாக இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் அங்குள்ள பிஸ்டனை நகர்த்துகிறது. அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி கிளட்ச் பிரஷர் பிளேட்டைத் தூக்குகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானாலும் நமக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான்: கிளட்ச் சரியாகப் பிரியாது. கியர் கரகரக்கும், நியூட்ரல் விழாது, நிற்கும்போது வண்டி இழுக்கும்.

ஆகவே பணத்தைச் செலவழிக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஸ்லேவ் சிலிண்டர். வி.எஃப்.ஆர்., ஹயபூசா போன்ற வண்டிகளில் இது இடது பக்கம், முன் ஸ்பிராக்கெட் அருகே உட்கார்ந்திருக்கிறது. செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெயும் மண்ணும் மழைநீரும் சேர்ந்து அந்த இடத்தில் ஒரு கரும்பசையாகவே படிந்திருக்கும். சீல் அங்கேதான் முதலில் தேயும். டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வந்து, மாஸ்டர் பக்கம் ஈரமே இல்லை என்றால், ஸ்லேவைக் கழற்றிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்லேவ் இன்ஜினிலிருந்து கழன்று தொங்கும்போது யாரும் லீவரைத் தொடக் கூடாது. தடுக்க எதுவும் இல்லாததால் பிஸ்டன் வெளியே துள்ளி விழுந்துவிடும்.

லீவரின் பித்தளை புஷ். ஹோண்டாவிலும் வேறு பல ஜப்பானிய வண்டிகளிலும் லீவருக்குள் ஒரு சின்னப் பித்தளை உருளை இருக்கும். பிஸ்டனைத் தள்ளும் கம்பியின் முனை அதன் குழியில்தான் உட்காரும். ஆண்டுக்கணக்கில் யாரும் கிரீஸ் வைக்காமல் விட்டால் குழி ஆழமாகும், சில வண்டிகளில் ஓட்டையே விழும். அங்கே தேய்ந்த ஒரு மில்லிமீட்டர், பிஸ்டன் நகர்வில் ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது. மாஸ்டரையே மாற்றத் தயாராக இருந்த ஒரு நண்பரின் வண்டி இந்தப் புஷ் ஒன்றை மாற்றியதும் சரியானதைப் பார்த்திருக்கிறேன். லீவர் போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும். பார்ப்பதற்குக் காசா பணமா?

அடுத்தது மாஸ்டரின் உட்புறம். பிஸ்டன், இரண்டு ரப்பர் கப், ஸ்பிரிங், பிஸ்டனை உள்ளே பிடித்து வைக்கும் சர்க்ளிப் வளையம், தூசிக்கான ரப்பர் உறை எல்லாம் சேர்ந்து ரிப்பேர் கிட்டாகக் கிடைக்கும். லீவரை மெதுவாகப் பிடித்தபடி வைத்திருந்தால் தானாக உள்ளே அமிழ்கிறது, எங்கேயும் வெளியில் கசிவு இல்லை என்றால், கப் தேய்ந்து ஆயில் பின்பக்கம் நழுவுகிறது என்று பொருள். சிலிண்டரின் உள்சுவர் வழுவழுப்பாக இருந்தால் கிட் போதும். சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறலோ வெள்ளைப் பொரிவோ இருந்தால் புதுக் கப் சீக்கிரமே போய்விடும். சர்க்ளிப் பள்ளமோ லீவர் போல்ட் துளையோ உடைந்திருந்தாலும் அப்படித்தான். அப்போதுதான் முழு மாஸ்டரைத் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டப்பாவின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று பெரியது, ஆயில் உள்ளே இறங்குவதற்கு. மற்றொன்று ஊசிமுனை அளவு, திரும்பி வருவதற்கு. இந்தச் சின்னத் துளை அடைத்துக்கொண்டால், இன்ஜின் சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல் ஸ்லேவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி சூடானதும் கிளட்ச் சிலிப் ஆகும். பிளேட் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினைப் பிரித்தவர்களும் உண்டு. ஒரு மெல்லிய கிட்டார் கம்பியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்ன ஆயில் என்பதைத் தீர்மானியுங்கள்

இதில் சமரசமே இல்லை. மூடியைப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளிலும் டுகாட்டிகளிலும் டாட் 4 என்று எழுதியிருக்கும். இது நாம் பிரேக்கில் ஊற்றும் அதே கிளைக்கால் (glycol) வகை ஆயில். ஆனால் மகுரா நிறுவனம் செய்த பல கிளட்ச் மாஸ்டர்கள் மினரல் ஆயிலில் ஓடுபவை. மேலே சொன்ன ஆர் 1200 ஜி.எஸ்.-இன் கிளட்ச்சும் மினரல் ஆயில்தான், அதே வண்டியின் பிரேக் டாட் 4 என்றாலும்.

ஏன் கலக்கக் கூடாது? பிரேக் ஆயிலுக்கான சீல்கள் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனவை. அதில் மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பிப்போகும். மினரல் ஆயிலுக்கான ரப்பர் வேறு, அதை பிரேக் ஆயில் கெடுக்கும். மாஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு ஸ்லேவை அப்படியே விட்டால், இரண்டில் ஒன்றின் சீல் கட்டாயம் சாகும். கழுவிவிட்டால் போதும் என்பார்கள். கழுவினாலும் ரப்பரின் வகை மாறுவதில்லையே. ஆகவே ஸ்லேவ் எந்த ஆயிலோ, அதே ஆயிலுக்கான மாஸ்டர்தான் வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன், அது தனி இனம். டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் கிளைக்கால் குடும்பம், டாட் 4-உடன் சேரும்.

விட்டம்: எல்லாம் இங்கேதான்

மாஸ்டரின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு எண் வார்ப்பிலேயே வந்திருக்கும். அது பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம். நிஸ்ஸின் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளில் சிலவற்றில் மில்லிமீட்டர், சிலவற்றில் அங்குலப் பின்னம். 1/2 என்றால் 12.7 மி.மீ. 9/16 என்றால் 14.29. 5/8 என்றால் 15.87. 11/16 என்றால் 17.46. வெறும் 14 என்றால் 14 மி.மீ. பிரெம்போ நிறுவனத்தின் பி.எஸ். 13 போன்ற பெயர்களில் 13 என்பது அதுவே.

எண் தேய்ந்திருந்தால் சர்க்ளிப்பைக் கழற்றி, பிஸ்டனை எடுத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலின் உள்தாடையால் அளந்து பாருங்கள். 14 மி.மீ. மாஸ்டருக்கு ஹோண்டா கையேடுகள் தரும் அளவு 14.000 முதல் 14.043 வரை. ரப்பர் கப்பை அளந்து முடிவு செய்யாதீர்கள். கப் எப்போதும் துளையைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்யப்பட்டிருக்கும்.

இப்போது கணக்கு. ஒரு சின்ன டம்ளரிலிருந்து பெரிய பாத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் பாத்திரத்தில் மட்டம் கொஞ்சம்தான் ஏறும். டம்ளர் பெரிதானால் மட்டம் அதிகம் ஏறும். மாஸ்டர்தான் டம்ளர், ஸ்லேவ் பாத்திரம். ஸ்லேவ் எவ்வளவு நகரும் என்பதற்கான சூத்திரம் இது: மாஸ்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஸ்லேவ் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து, மாஸ்டர் பிஸ்டன் நகர்ந்த தூரத்தால் பெருக்கவும்.

கணக்குக்காக ஸ்லேவ் 34 மி.மீ., மாஸ்டர் பிஸ்டன் நகர்வு 11 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14 மி.மீ. மாஸ்டர் போட்டால் ஸ்லேவ் 1.87 மி.மீ. நகரும். அதே லீவரோடு 12.7 போட்டால் 1.53 மி.மீ. 15.87 போட்டால் 2.40 மி.மீ.

1.87-க்கும் 1.53-க்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இது ஒரு வித்தியாசமா என்று தோன்றும். பல பிளேட்டுகள் கொண்ட மோட்டார் சைக்கிள் கிளட்ச்சில் பிரஷர் பிளேட் மொத்தமாகத் தூக்கப்படுவதே சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு இடைவெளி எல்லாப் பிளேட்டுகளுக்கும் பங்கு பிரிய வேண்டும். எட்டு உராய்வுப் பிளேட் என்றால் பதினாறு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு. அதில் 18 சதவீதம் போய்விட்டால் சில பிளேட்டுகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே சுற்றும். என் வி.எஃப்.ஆர். சிக்னலில் இழுத்தது இதனால்தான். லீவர் லேசானதும் இதனால்தான். விட்டம் குறைந்தால் அதே விரல் பலத்துக்கு அழுத்தம் கூடும், ஆனால் தள்ளப்படும் ஆயில் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 14-க்குப் பதில் 15.87 போட்டால் கிளட்ச் நன்றாகப் பிரியும், நியூட்ரல் சட்டென்று விழும். ஆனால் லீவர் கிட்டத்தட்ட 29 சதவீதம் கனக்கும். நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டினால் முன்கை சொல்லிவிடும். பிடிக்கும் புள்ளியும் குறுகிவிடும், மெதுவாகக் கிளட்சை விட்டு வண்டியை எடுப்பது கடினமாகும். போதாததற்கு, ஸ்லேவ் தன் எல்லையைத் தாண்டித் தள்ளப்பட்டால் கிளட்ச் ஸ்பிரிங்குகள் முழுமையாக நசுங்கும் ஆபத்தும் உண்டு.

என் வழக்கம் இது: தள்ளப்படும் ஆயில் அளவு பழையதிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் மாறினால் கவலையில்லாமல் வாங்குவேன். 14-க்குப் பதில் 9/16 அப்படிப்பட்டது, நான்கு சதவீதம்தான் அதிகம். 14-க்குப் பதில் 13 என்றால் 14 சதவீதம் குறைவு. ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்று பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கணக்கில் வருவது வர்க்கம்.

லீவரை ஏற்கெனவே லேசாக்க ஸ்லேவைப் பெரிதாக மாற்றியிருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். டுகாட்டிக்காரர்கள் அடிக்கடி செய்வது இது. வண்டியைக் கைமாற்றாக வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளர் செய்திருக்கலாம். பெரிய ஸ்லேவோடு சின்ன மாஸ்டரையும் சேர்த்தால் இரண்டு இழப்பும் ஒன்றையொன்று பெருக்கும்.

ரேடியல் மாஸ்டர் வாங்க ஆசைப்பட்டால்

ரேடியல் மாஸ்டர் என்பது பிஸ்டன் ஹேண்டில்பாருக்குக் குறுக்காக நகரும் வகை. 16×18, 19×20 என்று பிரெம்போ ரேடியல் மாஸ்டர்களுக்கு இரண்டு எண் இருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது, லீவர் சுழலும் அச்சிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புள்ளி வரை உள்ள தூரம், மில்லிமீட்டரில். ஆர்.சி.எஸ். வகையில் இந்தத் தூரத்தை 18-க்கும் 20-க்கும் நடுவே திருகி மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிட்டு 14-ஐயும் 16-ஐயும் மட்டும் ஒப்பிட்டால், ஐயோ, 31 சதவீதம் அதிகம் என்று பயந்து நல்ல பொருளை விட்டுவிடுவோம். லீவரை ஒரே கோணம் அழுத்தும்போது பிஸ்டன் நகரும் தூரம் அந்த அச்சுத் தூரத்தைப் பொறுத்தது. ஆகவே ஒப்பிட வேண்டியது விட்டம் × விட்டம் × அச்சுத் தூரம்.

உங்கள் பழைய மாஸ்டர் 14, லீவர் போல்ட் மையத்திலிருந்து தள்ளும் கம்பி வரை அளந்தால் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 14×14×24 = 4704. 16×16×18 = 4608. வித்தியாசம் இரண்டே சதவீதம். அருமையாகப் பொருந்தும். 19×19×20 = 7220. ஒன்றரை மடங்கு, கிளட்ச்சுக்கு வேண்டவே வேண்டாம். 19 விட்டம் பெரும்பாலும் முன் பிரேக்கில் இரட்டை டிஸ்க் காலிப்பர்களுக்குப் பயன்படுவது. பழைய லீவரில் 24-க்குப் பதில் என்ன வருகிறது என்பதை உங்கள் வண்டியில் அளந்து போடுங்கள். வெர்னியர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. லீவர் கைப்பிடியைத் தொடும் வரை சுழலும் கோணமும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குட்டை லீவர் என்றால் விரலுக்குக் கனம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் மாஸ்டரைக் கிளட்ச்சுக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விட்டமும் ஆயிலும் ஒத்துப்போனால் உள்ளே நடப்பது ஒரே வேலைதான். சிக்கல் லீவரின் வடிவத்திலும் சுவிட்சிலும் வரும். வலது பக்க மாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி இடதில் மாட்டினால் டப்பா கவிழ்ந்துவிடும், அதுவும் கூடாது.

உடம்பு உட்காருமா?

விட்டம் தீர்ந்த பிறகு மற்றவை எளிது. ஆனால் ஒன்றைத் தவறவிட்டாலும் வண்டி வீட்டிலேயே நிற்கும்.

ஹேண்டில்பாரின் கைப்பிடிப் பகுதி ஜப்பானிய, ஐரோப்பிய வண்டிகளில் 22.2 மி.மீ. நடுவில் 28.6 மி.மீ. தடித்த பாராக இருந்தாலும் கைப்பிடிப் பக்கம் 22.2-தான். ஹார்லி டேவிட்சனில் 25.4. ஹார்லிக்கான கிளாம்பை மற்ற வண்டியில் போட்டு நடுவில் தகரம் வைத்து இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கிளட்ச் லீவர் சுழன்றுவிட்டால் கை நிற்க இடமில்லை. செய்யாதீர்கள்.

ஹோஸை மாட்டும் பேன்ஜோ போல்ட்டில் மரை முக்கியம். நிஸ்ஸின், டோக்கிகோ போன்ற ஜப்பானிய மாஸ்டர்களில் பொதுவாக எம்10 × 1.25 (10 மி.மீ. விட்டம், மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ.). பிரெம்போவிலும் மகுராவிலும் எம்10 × 1.0. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், இரண்டு மூன்று சுற்று உள்ளேயும் போகும். அப்புறம் இறுகும். இன்னும் கொஞ்சம் திருகினால் போய்விடும் என்று ஸ்பானரை அழுத்தினால் அலுமினிய மரை உரிந்து, புது மாஸ்டர் குப்பைக்குப் போகும். கையால் முழுமையாகத் திருக முடியாத பேன்ஜோ போல்ட் தவறான போல்ட். ஹோஸை மாற்ற வேண்டியதில்லை, மாஸ்டர் பக்கத்துக்கு அதற்குரிய மரை கொண்ட போல்ட் வாங்கினால் போதும். இரு பக்கமும் வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள். நசுங்கிய வாஷர் மறுபடி அடைக்காது.

பேன்ஜோ வெளியேறும் திசையையும் கவனியுங்கள். பழையதில் ஹோஸ் பக்கவாட்டில் வெளியேறி, புதியதில் முன்னோக்கி வந்தால் ஹோஸ் மடங்கும், அல்லது நீளம் போதாது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். உயரமான பார் மாட்டியவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

டப்பா மாஸ்டரோடு ஒட்டியதாக இருந்தால் வண்டி நேராக நிற்கும்போது கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். கிளிப்-ஆன் பார் (முன் ஃபோர்க்கில் தனித்தனியாக மாட்டும் தாழ்ந்த பார்) சரிவாக இறங்கும். சாதாரண பாருக்கான மாஸ்டரை அதில் மாட்டினால் டப்பா சாய்ந்து, உள்துளை காற்றைக் குடிக்கும். தனி டப்பா வகை என்றால் அது மாஸ்டருக்கு மேலே இருக்க வேண்டும், ஃபேரிங்கிலோ கண்ணாடியிலோ இடிக்கக் கூடாது.

கிளட்ச் சுவிட்ச் பலரும் மறப்பது. கியரில் வைத்து ஸ்டார்ட் செய்ய முடியாமல் தடுப்பதும், குரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டியில் லீவரைத் தொட்டதும் அதை அணைப்பதும் இந்தச் சுவிட்ச்தான். புதிய மாஸ்டரில் சுவிட்சுக்கு இடம் இருக்கிறதா, பழைய சுவிட்ச் அதில் உட்காருகிறதா, லீவரை விட்டிருக்கும்போது இணைப்பு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை மல்டிமீட்டரால் பாருங்கள். ஒயரை முறுக்கி நிரந்தரமாக இணைத்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். கியரில் இருப்பது தெரியாமல் ஸ்டார்ட்டரை அழுத்தும் ஒரு நாள் வரும், அன்று வண்டிக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்று தெரியாது.

பக்கக் கண்ணாடி மாஸ்டரின் கிளாம்பிலேயே மாட்டப்படும் வண்டி என்றால், அந்த மரையும் இருக்க வேண்டும். பல ஜப்பானிய வண்டிகளில் எம்10 × 1.25.

எங்கே, எப்படி வாங்குவது

கம்பெனி பாகம் கிடைத்தால் அதுதான் குறைந்த தலைவலி. ஹோண்டா பாக எண்ணில் நடுவில் வரும் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 1998-இல் வந்த வி.எஃப்.ஆர். 800-க்கு எம்.பி.ஜி., 2002-இல் வந்த வி-டெக் மாடலுக்கு எம்.சி.டபிள்யூ. உங்கள் வண்டியின் பாகத்தில் வேறு மாடலின் எழுத்து இருந்தால், அந்த மாடலிலும் அதே பாகம் ஓடுகிறது என்று அர்த்தம். பழைய பாகம் தேடும்போது வலை விரிவடையும்.

எனக்கு அதிகம் உதவிய வழி இன்னொன்று. மாஸ்டரின் முழுப் பாக எண்ணைவிட, அதன் பிஸ்டன் கிட்டின் எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டு மாடல்களில் முழு மாஸ்டரின் எண் வேறாக இருக்கும், ஏனென்றால் நிறமோ டப்பாவோ கண்ணாடிப் பிடியோ வேறு. ஆனால் பிஸ்டன் கிட் எண் ஒன்று என்றால் உள்துளை விட்டமும் ஒன்றுதான். பாகப் பட்டியலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நான்கைந்து மாற்று வண்டிகள் கிடைத்துவிடும்.

பழையது வாங்கினால் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: அச்சான விட்டம் தெரியும்படி அடிப்பாகம், மூடியைத் திறந்து டப்பாவின் உட்புறம், லீவரைக் கழற்றிய நிலையில் பிஸ்டன் வாய், பேன்ஜோ மரை. இந்தப் படங்களை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். டப்பாவுக்குள் வெள்ளைத் தூளோ ஜெல்லி போன்ற படிவோ இருந்தால் அது ஈரம் குடித்த ஆயில் நீண்டநாள் கிடந்ததன் அடையாளம். பழைய மாஸ்டர் எதுவாக இருந்தாலும் புதுக் கிட் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

விலை மலிவான, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மாஸ்டர்கள் நிறைய வருகின்றன. அவற்றில் பல 12.7 மி.மீ. விட்டம் கொண்டவை. உங்கள் வண்டி கேட்பது அதுதான் என்றால் சரி. இல்லையென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் என் வி.எஃப்.ஆர். கதைதான். கிட் தனியாகக் கிடைக்காத மாஸ்டரையும் நான் வாங்குவதில்லை, இரண்டு வருடத்தில் கப் தேய்ந்தால் முழுதாக எறிய வேண்டியிருக்கும்.

மாட்டும்போது

டேங்க்கின் மேல் ஈரத்துணி விரியுங்கள். கிளைக்கால் ஆயில் பெயிண்டைத் தின்னும். சொட்டு விழுந்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்துப் பரப்பாதீர்கள்.

ஹோண்டா கிளாம்பில் மேலே இருக்க வேண்டிய பக்கத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும், ஹேண்டில்பாரில் ஒரு புள்ளி அடித்திருக்கும். கிளாம்பின் விளிம்பைப் புள்ளியோடு சேர்த்து, மேல் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு கீழ் போல்ட். இறுக்கும் அளவு உங்கள் கையேட்டில் இருப்பதுதான்.

லீவரை மாட்டியதும் அதன் நுனியில் சிறிது வெற்றாட்டம் (பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடும் அளவு) இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளும் கம்பி பிஸ்டனை ஓய்வு நிலையிலேயே லேசாக அழுத்திக்கொண்டிருந்தால், முன்னே சொன்ன ஊசித் துளையை கப் மூடிவிடும். அழகுக்காக வாங்கிய மாற்று லீவர்களில் இந்தக் குறை அடிக்கடி வரும். சரிபார்க்க எளிய வழி: டப்பா திறந்திருக்க லீவரை மெல்லத் தொடுங்கள். ஊசித் துளையிலிருந்து ஆயில் சின்ன ஊற்றாக எழும்ப வேண்டும். எழும்பினால் துளை திறந்திருக்கிறது.

ஏர் எடுப்பதில் பொறுமை வேண்டும். காலி மாஸ்டரில் லீவரை எவ்வளவு அடித்தாலும் முதலில் ஒன்றும் நடக்காது. ஸ்லேவின் ஏர் நிப்பிளில் சிரிஞ்சு வைத்து, புது ஆயிலைக் கீழிருந்து மேலாகத் தள்ளினால் காற்று தன் இயல்பான வழியில் மேலே போய்விடும். டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதம் இருக்கும் குமிழிகள் மாஸ்டரின் பேன்ஜோ அருகே, ஹோஸ் வளையும் உச்சியில் தங்கும். ஹேண்டிலைத் திருப்பி அந்த உச்சியைத் தாழ்த்தி, லீவரைப் பிடித்து, பேன்ஜோவைத் துணி சுற்றித் துளி தளர்த்தி மூடினால் வெளியேறும். இரவு முழுக்க லீவரைக் கைப்பிடியோடு கட்டிவைத்து, காலையில் மெதுவாக விட்டால் பிடிவாதமான குமிழிகளும் ஏறிவிடும்.

ஓட்டும் முன் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, முதல் கியரில், லீவரைப் பிடித்தபடி இன்ஜினை ஓடவிடுங்கள். ஆயிலில் ஊறும் கிளட்ச் என்றால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், அது இயல்பு. பின் பிரேக்கை லேசாகத் தொட்டால் சக்கரம் நிற்க வேண்டும், இன்ஜின் திணறக் கூடாது. திணறினால் கிளட்ச் பிரியவில்லை: காற்று இருக்கிறது, அல்லது விட்டம் தவறு. காற்று என்றால் லீவரை வேகமாக நான்கைந்து முறை அடித்ததும் முன்னேற்றம் தெரியும். விட்டம் தவறென்றால் எத்தனை முறை அடித்தாலும் பிடிக்கும் புள்ளி அதே இடத்தில் இருக்கும்.

பிறகு அரை மணி நேரம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, லீவர் நுனியின் வெற்றாட்டத்தை மறுபடி பாருங்கள். குளிரில் இருந்த ஆட்டம் சூட்டில் மறைந்திருந்தால் ஊசித் துளை இன்னும் அடைபடுகிறது, கம்பி நீளத்தைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். ஆட்டம் அப்படியே இருந்தால் ஒரு வாரம் கழித்து பேன்ஜோவின் அடியில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். காய்ந்தே இருந்தால், பழைய மாஸ்டரின் லீவர் போல்ட்டையும் சுவிட்சையும் கழற்றி ஒரு கவரில் போட்டு, விட்டத்தை மேலே எழுதி வைத்துவிடுங்கள்.